பெட்டிக்கு வராத கன்னி

அழகுபாண்டியின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, இது ஆணா பெண்ணா என்று மிஷினைக் கேட்டால் பெண் என்றுதான் சொல்லும். ஆள் என்னவோ வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். மீசை மட்டுமே கால் கிலோ தேறும். ஆனால் உள்ளே ஓடுவது முழுக்க முழுக்கத் தங்கச்சி சரண்யாதேவியின் ரத்தம். சிகிச்சை முடிந்து வேலைக்குத் திரும்பிய புதிதில் இதை வாய் தவறி கேன்டீனில் சொல்லிவிட்டான். விடுவார்களா? நல்லதாப் போச்சு மாப்ள, இனிமே டவுன் பஸ்ஸில் உனக்கு டிக்கெட் கிடையாது என்று வாரக்கணக்கில் ஓட்டினார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அதெல்லாம் சரண்யாதேவி உயிரோடு இருந்தபோது.

நோய் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். முப்பது வயதுவரை தலைவலி என்று படுக்காதவனுக்கு ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. லேசாக இடித்தாலும் தொடையில் நீலம் பாய்ந்தது. காய்ச்சல் வந்தால் போக மறுத்தது. ரத்தம் இல்லை, ரத்தம் இல்லை என்று ஆளாளுக்குச் சொல்ல, அம்மா செல்லத்தாய் ஆட்டுச் சுவரொட்டியும் ஈரலுமாக வாங்கி வதக்கிக் கொடுத்தாள். ஊரில் இருந்த ஆடெல்லாம் தீர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ரத்த நோய்க்கென்றே இருக்கிற மீனா டாக்டரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி, உங்கள் குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது இறந்திருக்கிறார்களா என்பது. அப்பா காளை யோசிக்கவே இல்லை, யாரும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

காளை பொய் சொல்கிற ஆள் இல்லை. அவருடைய அக்கா முனியாயி, கல்யாணம் ஆவதற்கு முன்பே, பதினேழு வயதில், ஈறிலும் மூக்கிலும் ரத்தம் வழிந்து, வெளுத்துப்போய் அடங்கியவள். ஆனால் அவள் செத்துப்போனாள் என்று அந்த வீட்டில் யாரும் நினைப்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. அவள் வீட்டுக் கன்னி. ஊர் வீட்டுச் சாமி அறையில் அவளுக்கு ஓலைப்பெட்டி இருக்கிறது. அதில் பாவாடை தாவணி, கண்ணாடி வளையல், ரிப்பன், பவுடர் டப்பா. வருசா வருசம் தை வெள்ளியில் பெட்டியைத் திறந்து புதுத்துணி வைத்தால், காளையின் தங்கை பாண்டீஸ்வரி மேல் முனியாயி இறங்குவாள். மழை வருமா, யாருக்குப் பிள்ளை பிறக்கும் என்று எல்லாம் சொல்லுவாள். ஒரு வருசம் ரிப்பன் நிறம் பிடிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, படைத்த சோற்றைத் தட்டிவிட்டுப் போனாள். இப்படி வந்து சண்டை பிடிக்கிறவளை எந்த மனுசன் செத்தவர் கணக்கில் சேர்ப்பான்? நீங்களாக இருந்தாலும் சேர்க்க மாட்டீர்கள். அதனால் டாக்டருக்கு உண்மை தெரிய ஒரு வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதுவும் செல்லத்தாய் பேச்சுவாக்கில், வீட்டுச் சாமி முனியாயிக்கு நேர்ந்திருக்கிறோம், அவள் இவருக்கு அக்காதான் என்று சொல்லப்போய்த் தெரிந்தது. டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை அப்படியே கீழே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஜீன் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்ததும் மீனா டாக்டர் அவர்களை உட்காரவைத்து, விவசாயக் குடும்பம் என்பதால் நெல்லை வைத்தே விளக்கினார். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில் தாய் செல் என்று கொஞ்சம் இருக்கிறது. ஆயுசு முழுக்க ஊறுகிற ரத்தத்துக்கு அதுதான் விதைநெல். விதைநெல் அத்தனையையும் ஒரே தடவையில் விதைத்துவிட்டால் அடுத்த போகத்துக்கு என்ன செய்வது? அதனால் அதில் பெரும்பங்கைத் தூங்கப்போட்டு வைத்து, வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக எழுப்ப ஒரு ஜீன் இருக்கிறது. மற்ற ஜீன்களுக்கு எல்லாம் அது மேஸ்திரி. எதைத் திறப்பது, எதை மூடுவது என்று அது சொல்கிறபடிதான் மற்றதெல்லாம் கேட்கும். அந்த மேஸ்திரி ஜீன் இவனுக்குப் பாதி கோளாறு. பிள்ளையாக இருந்தவரை எப்படியோ ஓடிவிட்டது. வளர்ந்தபிறகு களஞ்சியம் தூர் தட்டிவிட்டது. இது அப்பா வழியில் வந்திருக்கிறது. சிலருக்கு உடம்பில் இருந்தும் ஆயுசு பூராவும் ஒன்றும் செய்யாது, சிலரைக் கொண்டுபோய்விடும் என்றார்.

காளை தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப எங்கக்காவைக் கூப்பிட்டுக்கிட்டது சாமி இல்லையாம்மா?" என்று கேட்டார். டாக்டர் ரிப்போர்ட்டை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

சரண்யாதேவிக்கு அந்தக் கோளாறு இல்லை. மஜ்ஜையும் அண்ணனுக்கு அச்சாகப் பொருந்தியது. திருநகரில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், இருபத்து நாலு வயது, வாய் கொஞ்சம் நீளம். அவளிடம் எடுத்த தாய் செல்லைப் பையில் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக இவனுக்குள் இறக்கினார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, போனில் பேசினாள். "அண்ணே, இனிமே நீ எம்பேச்சைக் கேட்டுத்தேன் ஆகணும். உள்ள இருந்து அதட்டுவேன் பாத்துக்க." அவன் பிழைத்தான். அவனுடைய ரத்த வகைகூட மாறி அவளுடையதாகிவிட்டது. வருசம் முடிவதற்குள், கப்பலூர் நாலுவழிச் சாலையில் ஒரு லாரி அவளுடைய ஸ்கூட்டியைத் தட்டிவிட்டுப் போனது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக்கூடக் கொண்டுபோகவில்லை.

கல்யாணம் ஆகாத பிள்ளை என்று ஊரில் புதைத்தார்கள். அழகுபாண்டி குனிந்து மண்ணை அள்ளியபோது ஒன்று தோன்றியது. குழிக்குள் கிடக்கிற உடம்பில் உறைந்துபோன அதே ரத்தம், மேலே நிற்கிற தன் கையில் சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது. தன்னைப் புதைக்கிறதைத் தங்கச்சி தானே நின்று பார்க்கிறாள். மண்ணைப் போட்டுவிட்டுக் கையை வேட்டியில் அழுந்தத் துடைத்துக்கொண்டான்.

செல்லத்தாய் சோற்றில் கை வைக்க மறுத்தாள். அத்தை பாண்டீஸ்வரிதான் அவளைத் தேற்றி எடுத்தாள். கன்னியாகப் போன பிள்ளை எங்கேயும் போகாது மதினி, வருசம் திரும்பட்டும், கம்மாய்க்கரையில் வைத்து முறைப்படி அழைப்போம், என் மேலே வந்து உன்னை அம்மா என்று வாய்நிறையக் கூப்பிடுவாள், பெட்டியில் கொண்டுவந்து உட்காரவைத்துக்கொள்வோம் என்றாள். அந்த ஒரு 'அம்மா'வுக்காகச் செல்லத்தாய் எழுந்து உட்கார்ந்தாள். புது ஓலைப்பெட்டி முடையச் சொல்லி வாங்கினாள். வருசம் திரும்புகிறவரை பொறுக்க முடியாமல், அவர்கள் குடியிருந்த திருநகர் வீட்டில் வெள்ளி தவறாமல் விளக்கேற்றி, பெட்டியைத் திறந்து வைத்து, அவளே கூப்பிட ஆரம்பித்தாள். "சரண்யா, வந்துரும்மா. எங்க இருந்தாலும் வந்து பெட்டியில உக்காந்துக்க."

அங்கேதான் வினை தொடங்கியது.

அடுத்த சோதனைக்கு அழகுபாண்டி தனியாகத்தான் போனான். அதுவரை நூற்றுக்கு நூறு என்றிருந்த தங்கச்சியின் செல், தொண்ணூறாக இறங்கியிருந்தது. அதற்கடுத்த தடவை எண்பதுக்கும் கீழே. அவனுடைய பழைய ரத்தம், அந்த விளங்காத ரத்தம், உள்ளே திரும்பத் தலைகாட்டுகிறது என்றார் மீனா டாக்டர். ஆனால் பயப்படவேண்டாம், இதற்கு வழி இருக்கிறது என்று சாதாரணமாகத்தான் சொன்னார். "தங்கச்சியை ஒருதடவை கூட்டிட்டு வாங்க. அவங்ககிட்ட இருந்து கொஞ்சம் வெள்ளையணு எடுத்து உங்களுக்கு ஏத்தினாப் போதும்."

லாரி தட்டியதை அவன் சொன்னான். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எப்போது என்று கேட்டார். பிறகு, அவளுடைய செல் உங்கள் உடம்போடு சண்டை பிடிக்காமல் அடக்கிவைக்க ஒரு மாத்திரை சாப்பிடுகிறீர்களே, அதைக் குறைத்துப் பார்ப்போம், அப்போது அவளுடைய செல் கொஞ்சம் வலுத்து எழும்ப வாய்ப்பு உண்டு என்றார். அவர்கள் வீட்டில் பொருந்துகிற ஆள் வேறு யாரும் கிடையாது. "இனிமே உள்ள இருக்கிறது மட்டும்தான். அவங்க தங்கினா நீங்க பிழைச்சுக்குவீங்க."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. திருநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுப்படி ஏறுகிறான், உள்ளே அம்மா விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். சரண்யா, வந்துரும்மா. அந்தக் குரல் காதில் விழுந்ததுதான் தாமதம், அவன் விரல் நுனியெல்லாம் சில்லிட்டது. காதுக்குள் இரைந்தது. உடம்புக்குள் இருக்கிற அத்தனையும் எழுந்து நெஞ்சுப் பக்கமாக, விளக்கு இருக்கிற திசைக்கு நகர்ந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மா நிறுத்தியதும் எல்லாம் பழையபடி இறங்கி, கையில் சூடு வந்தது.

சீச்சீ, ஐ.டி.ஐ. படித்தவன் நினைக்கிற நினைப்பா இது என்று தன்னையே திட்டிக்கொண்டான். மறு வெள்ளிக்கு வேண்டுமென்றே கம்பெனியில் தங்கினான். மிஷின் ஓடுகிற சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. ஆனாலும் விளக்கேற்றுகிற நேரத்துக்குச் சரியாக விரல் சில்லிட்டது. அளவு பார்க்கிற கேஜ் கம்பி கையிலிருந்து நழுவி விழுந்தது. பயத்தில் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சாகப்போகிறேன், என் அம்மா கூப்பிட்டே என்னைச் சாகடிக்கப்போகிறாள் என்று நினைத்தான்.

சொல்லித் தொலைக்கலாம்தானே என்று உங்களுக்குத் தோன்றும். எதைச் சொல்வான்? ரத்தத்தில் எண் இறங்குகிற விஷயத்தையே அவன் வீட்டில் மறைத்திருந்தான். ஒரு பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளிடம், மிச்சமிருக்கிற பிள்ளையும் ஆட்டம் கண்டிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? அவள் உயிரைப் பிடித்து வைத்திருப்பதே அந்த ஒரு கூப்பாடுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவள் இருப்பாளா? இப்படியே தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு வருசம் திரும்பிவிட்டது.

ஊர், நாகமலைக்கு மேற்கே. காலையிலேயே சொந்தபந்தம் கூடிவிட்டது. பந்திச் சமையலுக்கு வெளியிலிருந்து ஆள் வைத்திருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுகிற நேரத்தில் எல்லாரும் கம்மாய்க்கரைக்குப் போனார்கள். பித்தளைச் செம்பில் கம்மாய்த் தண்ணீர் எடுத்து, மஞ்சள் துணி கட்டி, பாண்டீஸ்வரி தலையில் வைத்தார்கள். பக்கத்தில் திறந்த பெட்டி, அதில் சரண்யாதேவிக்கு எடுத்த அரக்கு நிறப் பட்டுப் பாவாடை. உறுமி மேளக்காரர் வளைந்த குச்சியால் தோலை இழுக்க ஆரம்பித்தார். உறுமியை இழுத்த முதல் இழுப்பிலேயே ஆடிவிடுகிறவள் பாண்டீஸ்வரி. அன்றைக்கு அசையவில்லை. செம்புத் தண்ணீர்கூடத் தளும்பவில்லை. உறுமி இழுத்து இழுத்து ஓய்ந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

பாண்டீஸ்வரி கண்ணைத் திறந்தாள். அவள் முகத்தில் அசல் பயம் இருந்தது.

"வரமாட்டேங்கிறா மதினி. பக்கத்துலதேன் நிக்கிறா, எனக்குத் தெரியுது. ஆனா எதுவோ அவளைப் பிடிச்சு வச்சிருக்கு. பெத்தவ நீ கூப்பிடு. அறுத்துக்கிட்டு வந்துருவா."

அழகுபாண்டி கூட்டத்தின் ஓரத்தில், ஒரு வேப்பமரத்தில் சாய்ந்து நின்றான். ஓடிவிடலாமா என்று பார்த்தான். ஓடி எங்கே போவது? செல்லத்தாய் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, தண்ணீரைப் பார்த்துக் கூப்பிட்டாள். அது விளக்கு முன்னால் கூப்பிடுகிற குரல் இல்லை. காட்டில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிறவளின் குரல். முதல் கூப்பாட்டில் அவன் இரண்டு கையும் முழங்கைவரை விறைத்தது. அடுத்த கூப்பாட்டில் மூக்கிலிருந்து சூடாக இறங்கி மீசை நனைந்தது. உதடு தடித்தது, முழங்கை மடிப்பில் அரிப்பு தாங்கவில்லை, கழுத்தெல்லாம் வட்ட வட்டமாகத் தடிப்பு எழும்பியது. மரத்தோடு சரிந்து உட்கார்ந்தான். "கூப்பிடாதம்மா" என்றான். யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் கேட்கிறான் என்று நினைத்து ஒருவர் செம்பை நீட்டினார்.

சலசலப்பில் செல்லத்தாய் திரும்பிப் பார்த்தாள். கூப்பிடப்போன வாய் அப்படியே நின்றது. ஓடிவந்து அவன் முகத்தை நிமிர்த்தினாள். மூக்கில் வழிந்த ரத்தத்தை அவள் பார்க்கவில்லை. அவன் உதட்டைப் பார்த்தாள். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு முழங்கை மடிப்பைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள்.

சாம்பார்சாதம்தான், எல்லாரும் சாப்பிட்டது. வெளியாள் சமையல், அதில் கத்தரிக்காய் போட்டிருந்தான்.

சரண்யாதேவிக்குக் கத்தரிக்காய் ஆகாது. பால்குடி மறந்த நாளிலிருந்தே ஆகாது. ஒரு துண்டு நாக்கில் பட்டால் உதடு தடித்து, முழங்கை மடிப்பில் இதே இடத்தில், இதே வட்டம் எழும்பும். அவளுக்காகவே அந்த வீட்டில் இருபது வருசமாகக் கத்தரிக்காய் வாங்கியதில்லை. அழகுபாண்டி வெளியில் எங்கே கிடைத்தாலும் அதைத்தான் தேடித் தின்பவன். அவனுக்கு அப்போது ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை; சிகிச்சைக்குப் பிறகு வெளிச்சாப்பாட்டை டாக்டர் நிறுத்தியிருந்ததால் தொடவே இல்லை.

"எம்புட்டு நாளா இது?" என்றாள் செல்லத்தாய்.

அவன் அத்தனையையும் சொன்னான். எண் இறங்குவது, டாக்டர் தங்கச்சியைக் கூட்டிவரச் சொன்னது, வெள்ளிக்கிழமை விளக்கு, விரல் சில்லிடுவது. மூக்கிலிருந்து ஒழுகி வாய்க்குள் போவதையும் துடைக்காமல், சின்னப்பிள்ளையாகத் தேம்பித் தேம்பிச் சொன்னான். "அவ எங்கிட்டதேன் இருக்காம்மா. நீ கூப்பிடக் கூப்பிடக் கிளம்புறா. அவ வந்துட்டா நான் போயிருவேன்மா."

பாண்டீஸ்வரி, நேரம் போகிறது மதினி, பாதியில் விட்டால் குத்தமாகிவிடும் என்றாள். செல்லத்தாய் எழுந்து போய், அவள் தலையிலிருந்த செம்பை இறக்கி, தண்ணீரைக் கம்மாயிலேயே கவிழ்த்தாள். உறுமிக்காரரைப் பார்த்துப் போகச் சொன்னாள். பெட்டியை மூடினாள். பிறகு திரும்ப வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் மூக்கில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். கொஞ்சமும் சிந்தவிடாமல், குழந்தையின் வாய் துடைக்கிற பக்குவத்தில் எடுத்தாள். அந்தச் சேலையை இன்றுவரை அவள் துவைக்கவில்லை.

எண் அதற்குப் பிறகு இறங்கவில்லை. நின்றது, அப்புறம் ஏறியது. மாத்திரையைக் குறைத்தது வேலை செய்திருக்கிறது என்றார் மீனா டாக்டர், அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இருக்கலாம். அப்படியும் இருக்கலாம்தான்.

செல்லத்தாய் இப்போதெல்லாம் ஒரு சோதனைக்கும் அவனைத் தனியாக விடுவதில்லை. கூடவே வந்து, ரத்தம் எடுக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வாள். ஊசி இறங்கும்போது அவன் கையைத் தன் மடியில் வாங்கி, முழங்கை மடிப்பைத் தடவிக்கொடுத்து, குனிந்து பேசுவாள். வலிக்குதாடா தங்கம், சாப்பிட்டியா, நேத்து உன் சிநேகிதி வந்துட்டுப் போனா. ரத்தம் எடுக்கிற பெண் முதல் தடவை சிரித்தாள். அடுத்த தடவை வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். ஷிப்ட் எப்படி, கம்பெனியில் என்ன சமாச்சாரம் என்று அவனை ஒரு வார்த்தை கேட்டு மாசக்கணக்காகிறது.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "அம்மா, நான் அழகும்மா. எம்மூஞ்சியப் பாரும்மா" என்றான்.

"தெரியும்ப்பா. நீ செத்த சும்மா இரு. நான் அவகூடப் பேசிக்கிட்டு இருக்கேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, வேலையாக இருக்கிறபோது குறுக்கே வருகிறவனிடம் சொல்கிற சலிப்புத்தான் இருந்தது.

சண்டை பிடிக்கத் தெம்பு இல்லை. பிடித்தால் மட்டும் என்ன ஆகப்போகிறது?

நேற்று வேலை முடிந்து வந்து, கூடத்தில் படுத்திருந்தான். சாயந்தரம் விளக்கேற்றுகிற நேரம். அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "சரண்யா, சாப்பிட வா." அவன் பேசாமல் கிடந்தான். விரல் நுனி லேசாகச் சில்லிட்டது. அம்மா இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள். தெருக் கதவு திறந்திருந்தது. யாரும் பதில் சொல்லாவிட்டால் அந்தக் குரல் தன்னைத் தாண்டி வாசலுக்குப் போகும், வாசலைத் தாண்டியும் போகும் என்று அவனுக்குத் தெரிந்தது. உள்ளே எதுவோ எழுந்து உட்கார்ந்தது. அது பதில் சொல்வதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"இந்தா வாரேன்மா" என்று சொல்லிவிட்டு, எழுந்து சாப்பிடப் போனான்.